"மாத்திரை போட்டாச்சா?" என்ற கேள்வியைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
தையல்காரி,
லேத் பட்டறை மாடி வீடு,
மருத்துவமனைப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
பெரிய மருத்துவமனை.

பொருள்: டாக்டரம்மாவின் வீடியோவில் வெட்டப்பட்ட கடைசிக் கேள்வியை மீண்டும் சேர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் கீழே லேத் பட்டறை நடத்துகிறார். இரத்த அழுத்தம் உள்ளவர். இரும்பை நூலளவு பிசகாமல் கடைவார். வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் அளந்து பார்க்காமல் நம்புவார். "பிரஷர் மாத்திரை கிட்னியைத் தின்னுடும்" என்று எவரோ அனுப்பியதைப் படித்து, மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ இலைச்சாறு குடித்தார். ஒருநாள் ஓடும் இயந்திரத்தின் அருகிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நான் தலைபாடாய் அடித்துக்கொண்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2. பிறகு தங்கள் மருத்துவமனை டாக்டரம்மா தினமும் காலையில் போடும் வீடியோவைப் பார்த்தார். கட்டுப்படாத அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, சந்தேகம் இருந்தால் நேரில் வந்து கேளுங்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நான் சொன்னதும் அதேதான். அது இந்த மனுவுக்குத் தேவையில்லாத விஷயம்.

3. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் டாக்டரம்மா நேரே பார்த்து, "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பார். ஐயா, என் கணவர் அதற்குப் பதில் சொல்கிறவர். என்னிடம் கூசாமல் பொய் சொல்வார். டாக்டரம்மாவிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் மாத்திரையை விழுங்கி வந்து, "போட்டாச்சுங்க டாக்டர்" என்று கைப்பேசியிடம் சொல்வார்.

4. சென்ற மாதம் முதல் மருத்துவமனைக் குழு சரிபார்த்த பிறகே வீடியோ வெளியாகிறது. சரிபார்ப்பது நல்லதே. ஆனால் கண்ணியம் கருதி அந்தக் கேள்வியை வெட்டிவிட்டு, அதன் இடத்தில் தங்கள் வரவேற்புரையைச் சேர்த்திருக்கிறார்கள். உரை சிறப்பாக உள்ளது. அப்போதுதான் எழுந்த என் கணவர், அது முடிவதற்குள் மறுபடி தூங்கிவிடுகிறார். மாத்திரையும் அட்டையிலேயே இருக்கிறது. கேட்டால், "டாக்டர் ஒண்ணும் கேக்கலையே" என்கிறார்.

5. பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். "இதுக்கு அன்னைக்கே பதில் சொல்லிட்டேன்" என்கிறார்.

6. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. கீழே லேத் சத்தம் நின்றால் என் தையல் மெஷினும் நின்றுவிடுகிறது. படியில் பாதி இறங்கி, அவர் இருமுவது காதில் விழுந்த பிறகே மேலே வருகிறேன்.

ஆகவே, வரவேற்புரை இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு முன்பாக அந்த ஒரு கேள்வியை மட்டும் டாக்டரம்மா கேட்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். அவருக்கு நேரமில்லாத நாளில் தாங்களே கேட்டாலும் போதும். பதில் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார். அவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மனு.

இடம்: பட்டறை மாடி
நாள்: திங்கட்கிழமை, இன்னும் மாத்திரை போடாத காலை

கீழே ஒரு காதை வைத்தபடி கையொப்பமிடும்,
தையல்காரி