அடைப்புக்குறிக்குள் இலங்கை

3.9.79, திங்கள்

காற்று ஓயவில்லை. ஜன்னலைச் சாத்தியும் மேசை முழுதும் கரிசல் புழுதி.

பள்ளி வெள்ளிவிழா மலர், ஆசிரியர் அறிமுகப் பக்கங்கள்: மெய்ப்பு முடிந்தது. சாதிப் பெயர்கள் நீக்கம். சொந்த ஊரும் நீக்கம். இங்கே ஊரைக் கேட்பவன் அடுத்துத் தெருவைக் கேட்பான், அதன்பின் அவன் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ‘நாட்டுரிமை’ என்று ஒரு வரி. என் யோசனை. எல்லாரும் இந்தியர், யாருக்கும் உறுத்தாது.

கணித ஆசிரியர் செல்வராசும் ‘இந்தியர்’ என்றே எழுதித் தந்திருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி இங்கு வந்தவர். ஆகவே ‘இந்தியர் (பதிவு வழி, முன்னர் இலங்கை)’ எனத் திருத்தினேன். துல்லியம் வேண்டும். அவரைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

குடைக் கம்பி பழுது. பல்பொடி வாங்க மறந்தேன்.

7.9.79

மலர் வந்துவிட்டது. அச்சு சுத்தம். ஆசிரியர் அறைக்குள் செல்வராசு நுழையும்போது ஓவிய ஆசிரியர்: “நில்லுங்க அண்ணாச்சி, பாஸ்போர்ட்டக் காட்டிட்டு உள்ள வாங்க!” ஒரே சிரிப்பு. செல்வராசும் சிரித்தார். நானும்.

பிற்பகல் என்னிடம் தனியே வந்தார். “முன்னர் இலங்கைன்னு போட்டிருக்கீங்க, சார். அங்க எங்களுக்குக் குடியுரிமையே குடுக்கல. இந்தியாக்காரன்னுதான் சொன்னாங்க. முன்னால நான் எந்த நாடும் இல்ல.” குரல் உயரவே இல்லை.

என் திருத்தம்தான் பிழை. அவர் எழுதித் தந்தது சரி.

மாலை, மனைவி மலரைப் புரட்டிவிட்டு: “அந்த மனுசன் பொறந்த நாட்டப் போடத் தெரிஞ்சுது. ஒங்க ஊர மட்டும் ஒருத்தரும் தெரிஞ்சுக்கிடக் கூடாது, என்ன?” யார் கேட்டாலும் ‘கோவில்பட்டிப் பக்கம்’ என்றே சொல்லிப் பழகியவன். ஊரை நீக்கும் விதியை யாருக்காகச் செய்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

11.9.79

கடும் வெயில். நிர்வாகக் குழு. வழக்கம்போல் செயலாளராக நான். பொருள்: விடுதிக் காப்பாளர் நியமனம். பதவியோடு வீடும் உண்டு. செல்வராசு, மனைவி, மூன்று பிள்ளைகள் இப்போது தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை அறையில். தகுதியும் அவருக்கே. போன மாதம் குழு கேட்டபோது அவர் பெயரை முன்மொழிந்தவன் நான்.

உறுப்பினர் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கையில் மலர். “சிலோன்காரரா இவரு? தெரியாமப் போச்சே. அங்கன நெலம சரியாச்சுன்னா அவிய பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாவ. விடுதிப் பிள்ளைகள யாரு பாக்கது?”

தலைவர்: “அதான, எதுக்கு வம்பு? தமிழ் சாரப் போட்டுருவோம்.”

திரும்பிப் போக அவருக்கு அங்கே எதுவும் இல்லை என்பதை அந்த அறையில் அறிந்தவன் நான் ஒருவனே. சொல்லவில்லை. கேட்டாலன்றிச் செயலாளர் பேசக் கூடாது என்பது குழுவின் விதி. யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பேசியது இவ்வளவுதான்: “காரணம் என்னவென்று எழுதட்டும்?”

தலைவர்: “காரணம்லாம் எதுக்கு, சார்வாள்? பொதுவா ஏதாச்சும் போடும்.”

12.9.79

உத்தரவைச் செல்வராசுவிடம் நானே கொடுத்தேன். பியூன் மூலம் அனுப்பலாமா என்று காலையிலிருந்து யோசித்தது உண்மை.

‘நிர்வாகக் காரணங்களால் தங்கள் பெயர் ஏற்கப்படவில்லை.’ என் வாக்கியம்.

வராந்தாவில் நின்றபடியே படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“என்ன காரணம்னு நீங்களாவது சொல்லிருங்க, சார். வீட்டுல கேப்பாங்க.”

மணி அடித்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றேன். அந்தப் பாடவேளையில் எனக்கு வகுப்பு இல்லை.