நீலப் பெயின்ற்றுக்கு அடியில் ஒரு விமானம்

இஞ்சாருங்கோ, காலையிலிருந்து முற்றமெல்லாம் பெயின்ற் மணம். மகன் எங்கள் மீன்பிடிப் போட்டை வேலியோரம் மரக்குற்றிகளில் ஏற்றிவைத்து நீலம் பூசிக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். மடியில் உங்கள் கற்றலொக். விமானப் பொம்மை விற்ற ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் அதே பழைய புத்தகம்தான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இதை அலுமாரியை விட்டு வெளியே எடுத்தது இன்றைக்குத்தான்.

இது எப்படி வீட்டுக்கு வந்தது என்று நினைவிருக்கிறதா? மன்னார்க் கடைத்தெருவுக்குத் தூண்டில் வாங்கப் போனீர்கள். கடைக்கார முஸ்லிம் நானா பொதி சுற்ற வைத்திருந்த பழங்கடதாசிக் கட்டிலிருந்து இதை உருவி, அட்டையைக் கிழிக்கக் கை வைத்தாராம். "நானா, தூண்டிலைச் சுத்தாமத் தாங்கோ, புத்தகத்தை முழுசாத் தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டு, தூண்டில்களைச் சட்டைப்பையில் போட்டு வந்தீர்கள். தூண்டில் குத்தி நெஞ்சில் இரத்தப் பொட்டோடு வாசலில் நின்று சிரிக்கும் மனிதனை என்னவென்று ஏசுவது? நானும் ஏசாமல் விடவில்லை.

அந்த அட்டையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான். சிவப்பு உடல், மஞ்சள் இறக்கை, மூக்கை உயர்த்திக்கொண்டு பச்சை மலைகளுக்கு மேலே ஏறும் ஒரு விமானம். கீழே தீப்பெட்டி அளவில் ஒரு வீடு. உள்ளே திறந்தால் கறுப்பு வெள்ளையில் மரத்துண்டுகளும் விலைகளும் மட்டும்தான். நான் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது பொம்மையப்பா. ஒரு முழம்கூட வராது. தபாலில மரத்துண்டு அனுப்புவாங்களாம், நாங்கள்தான் ஒட்டோணும்" என்றேன். உங்கள் முகம் வாடும் என்று நினைத்தேன். நீங்களோ அட்டையை இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள். "அப்ப இந்தப் படத்தைக் கீறினவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு முழப் பொம்மையை மலைக்கு மேலால ஏத்திப்போட்டான்." உள்ளே இருந்த ஒரு பொம்மையைக்கூட வாங்க நீங்கள் ஆசைப்படவில்லை. உங்களுக்கு அட்டைதான் வேண்டியிருந்தது.

அதை மேசையில் விரித்து, பென்சிலால் பார்த்துப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தேத்தண்ணி கொண்டுவந்த நான் கோப்பையை அட்டையின் மேலேயே வைத்துவிட்டேன். எடுத்தபோது விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் கபில நிறத்தில், ஒரு பக்கம் சற்று விட்டுப்போன ஒரு வட்டம். துடைக்கத் துணி எடுக்க ஓடினேன். "விடு, கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தீர்கள்.

சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொன்ன அந்தக் கொஞ்சக் காலத்தில், மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, புதுப் போட் வாங்கினோம். ஊரெல்லாம் போட்டின் முன்பக்கத்தில், அணியத்தில், மாதா பெயரையும் அந்தோனியார் பெயரையும் எழுத, நீங்கள் இந்த விமானத்தைக் கீறினீர்கள். வெட்கத்தில் நான் அதன் கிட்டப் போகவேயில்லை, தூர நின்று பார்த்ததோடு சரி. பிறகு மறுபடி சண்டை. கடலில் நேவி மறித்து, போட்டில் ஏன் பிளேன் என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள் என்று நான் அழுதேன். நீங்கள் படத்தின் மேல் வார்னிஷ் பூசிக் காயவிட்டு, அதற்கு மேல் நீலம் பூசினீர்கள். எதற்கு வார்னிஷ் என்றேன். "மூடுறன். அழிக்கேல்லை" என்றீர்கள். சண்டை முடிந்தும் அதைத் திறக்கக் காலம் வரவில்லை. வருடா வருடம் நீலத்தின் மேல் நீலம்தான் ஏறியது.

போன மாதம் அடித்த கடுங்காற்றில், ஓலைத்தொடுவாய்க் கரையில் கட்டியிருந்த எங்கள் போட் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. (கரைக்குப் பின்னால் இப்போது பெரிய பெரிய மின்சாரக் காற்றாடிகள் நிற்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் அவற்றையும் கீறத் தொடங்கியிருப்பீர்கள்.) மகன் தேடாத கரை இல்லை. கடைசியில், "அம்மா, நான் கட்டாருக்கு வேலைக்குப் போறன். வேற வழியில்லை" என்றான். மருமகளோ நிறைமாதம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் வங்காலைக் கரையில் ஒரு நீலப் போட் ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தால், கல்லில் உராய்ந்து பதிவு இலக்கம் அழிந்திருந்தது. பக்கத்தில் இன்னொரு மனிதர் நின்றார். அவருடைய போட்டும் அதே காற்றில் போனதுதான். அதே நீலம், அதே வடிவம். பொய் சொல்லும் முகமில்லை அது. "இது என்ரை போட் தம்பி, எனக்குத் தெரியாதே?" என்று அவர் அணியத்தைத் தடவ, மகன் அழிந்த இலக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். யாருடையது என்று மீனவர் சங்கத் தலைவராலும் தீர்த்துவைக்க முடியவில்லை.

எனக்கு உங்கள் வார்னிஷ் நினைவுக்கு வந்தது. "இடப்பக்க அணியத்தைச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்கு ஒரு பிளேன் கிடக்கு. சிவப்புப் பிளேன், இறக்கை மஞ்சள், மூக்கு மேல பாத்தபடி" என்றேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகன், காற்றில் எனக்குத்தான் ஏதோ கழன்றுவிட்டது என்பதுபோல என் கையைப் பிடித்தான். தலைவர் ஒரு தகட்டை எடுத்துச் சுரண்டினார். நீலம் செதில் செதிலாக உரிந்தது. முதலில் மஞ்சளில் ஒரு கீற்று, பிறகு சிவப்பு. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, இது உங்கடைதான். என்ரையில நீலத்துக்கு அடியில மாதாவின்ரை பேர்தான் கிடந்தது."

நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவருடைய போட்டும் முந்தநாள் சிலாவத்துறைப் பக்கம் கிடைத்துவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் வயிறாரச் சாப்பிட்டேன். மகன் ஏஜென்சிக்காரனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். பிளேன் ஏற இருந்தவனை உங்கள் பிளேன் பிடித்து நிறுத்திவிட்டது.

இன்று மகன் மிச்ச நீலத்தையும் சுரண்டி, படத்தை முழுதாக வெளியே எடுத்திருக்கிறான். அதைச் சுற்றி மட்டும்தான் புது நீலம். இத்தனை வருடத்தில் முதல் முறையாக நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வாலுக்குப் பக்கத்தில் கபில நிறத்தில் ஒரு வட்டம், ஒரு பக்கம் சற்று விட்டுப்போய். ஏதோ கறை என்று நினைத்தேன். பிறகு உள்ளே ஓடிப்போய்க் கற்றலொக்கை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தேன். என் கோப்பை வைத்த வட்டம், அதையும் சேர்த்துக் கீறியிருக்கிறீர்கள். அதே இடம், அதே விட்டுப்போன பக்கம். நான் வெட்கப்பட்டுத் தூர நின்ற காலமெல்லாம், என்னையும் அணியத்தில் ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

மகன் பிறஷ்ஷோடு திரும்பி, "அம்மா, இந்தக் கறையை மட்டும் மூடிவிடட்டோ?" என்று கேட்டான்.

"விடு, கிடக்கட்டும்" என்றேன்.