கண்ணாடிக்குள் வெயில்

ஜனவரி 9

பட்டு அம்மாவுக்கு,

நானும் பட்டுவும் சண்டை போட்டு, சமாதானமாகி, இப்போதுதான் சாப்பிட்டு முடித்தோம். போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

பிள்ளையை டாக்டரம்மாவிடம் காட்டினேன். வயதுக்கு மீறிய எடை. ரத்தத்தில் விட்டமின் டி ரொம்பக் குறைவு. “குண்டா இருக்கற பிள்ளைங்களுக்கு இது சகஜம்தான். சொட்டு மருந்து தரேன், ஆனா வெயில்ல விளையாட விடுங்க” என்றார். இவள் எங்கே விளையாடுகிறாள்? தெருப் பிள்ளைகள் ‘குண்டு பல்பு’ என்று கூப்பிட்டதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டால் வீடுதான். கவலைப்படாதே, ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

உன் கண்ணாடிக்காரன்


ஜனவரி 30

என்னங்க,

படித்துவிட்டு அழுதேன். கடல் தாண்டி வந்து, இந்த வீட்டுப் பிள்ளைகளைத் தினமும் பூங்காவில் ஓடவைப்பதுதான் எனக்கு இங்கே வேலை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். வளர்ந்துதான் இருக்கிறாள், பக்கவாட்டில்! அவள் தெருவில் இறங்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அதென்ன யோசனை? உங்கள் யோசனை என்றாலே எனக்குப் பயம்.

பட்டு அம்மா


பிப்ரவரி 20

பட்டு அம்மாவுக்கு,

அவசரப்படாதே. பால்கனி முழுக்க நானே கண்ணாடி வெட்டிப் போட்டுவிட்டேன்! வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத ரகம். விடுமுறை நாளில் காலையெல்லாம் வெயிலில் உட்கார்ந்து படம் வரைகிறாள். யாரும் பார்க்க முடியாது, யாரும் கேலி செய்யவும் முடியாது. எப்படி?

உன் கண்ணாடிக்காரன்


மார்ச் 11

என்னங்க,

கேலி செய்கிறவர்களை வெளியே விட்டுவிட்டு என் பிள்ளையை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறீர்களே, இது நியாயமா? இனி எழுத ஒன்றுமில்லை.

பட்டு அம்மா


மே 4

பட்டு அம்மாவுக்கு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். விட்டமின் நினைத்த அளவு ஏறவில்லை. கண்ணாடி அறையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “கண்ணாடி வழியா வெளிச்சம் வரும், சூடு வரும். விட்டமினுக்கு வேண்டிய கதிர் வராதுங்க. வெயில் தோல்ல நேரா படணும்.” இத்தனை காலம் கண்ணாடி வெட்டியும் எனக்கு இது தெரியவில்லை, பார்!

அன்றே கழற்றினேன். “எல்லாரும் என்னைப் பாப்பாங்கப்பா!” என்று ஒரே அழுகை. “பாக்கட்டும்டி. நானும் கூட நிக்கறேன்” என்றேன். நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து பந்து பால்கனியில் வந்து விழுந்தது. “ஏய் பல்பு, பந்தைப் போடு!” வந்ததே கோபம் அவளுக்கு! ஓங்கி எறிந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி சுக்குநூறு. தெருப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன், “இவ எங்க டீமு!” என்று கத்தினான். “போடா, எங்க டீமு!” என்றான் இன்னொருத்தன். இவள் என் முகத்தைப் பார்த்தாள். “போயேன்” என்றேன். தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

“எந்தப் பிள்ளைடா உடைச்சது?” என்று எதிர்வீட்டம்மா வந்தார்.

“என் பொண்ணுதாங்க!” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பால்கனிக் கண்ணாடியில் ஒன்றை வெட்டி அங்கே பொருத்தினேன். இப்போது அந்த அம்மா உள்ளேயிருந்து எல்லாரையும் வேடிக்கை பார்க்கிறார். சொட்டு மருந்தும் தொடர்கிறது. பட்டுவை இருட்டிய பிறகு இழுத்துக்கொண்டுதான் வரவேண்டியிருக்கிறது.

உன் கண்ணாடிக்காரன்


மே 23

என்னங்க,

இந்த வீட்டுப் பிள்ளைகள், “ஏன் தனியா சிரிக்கிறீங்க?” என்று கேட்கிறார்கள். ஒப்பந்தம் முடியும்வரை நிம்மதியாக இருந்துவிட்டு வருகிறேன்.

மீதிக் கண்ணாடியை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். தெருவில் இன்னும் நிறைய ஜன்னல் இருக்கிறது.

பட்டு அம்மா