என்னைச் சூரியன் என்று நினைத்த கருவி

அன்புள்ள ஜண்டீரா,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? நேற்று எல்லோர் முன்னாலும் நான் அசடு வழிந்தேன்.

சூரியன் சீறும்போது கிளம்பும் காமா கதிர்களைப் பிடிக்க, பலூனில் ஏற்றும் கருவியை இங்கே தளத்தில் சோதித்தார்கள். பலூனைக் கட்டும் கயிறோடு நான் கிட்டே போனால் அது காட்டும் கதிர் எண்ணிக்கை எகிறியது, விலகினால் அடங்கியது.

"ஒசோரியோ அண்ணே, சூரியன முழுங்கிட்டு வந்தீங்களா?" என்றான் நீல்டோ.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரில இதயத்தப் படம் பிடிக்க ஊசி போட்டாங்க. கதிர் வீசுற அந்த மருந்து இன்னும் ஒடம்புல இருக்கு போல," என்றேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

இதயப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும். கம்பளிச் சட்டையும் கொய்யாப்பழ அல்வாவும் அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி. தபால் வண்டி கிளம்புகிறது.

கடைசியாக ஒன்று: நேற்று அந்தக் கருவியைச் சோதித்த பொறியாளர் அம்மா, "வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"அவ தைரியசாலி, மேடம்," என்றேன். உனக்கு இன்னும் சொல்லவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

உன் ஒசோரியோ