மூடியில் இருந்த பெயர்

ஆடி ஞாயிறு. தென்காசி வரை சாரல்.

மச்சினனும் நானும் செய்த சின்ன நீராவி டிராக்டரை இன்று இலஞ்சியில் அவன் வீட்டு முற்றத்தில் ஓட்டினோம். நேராக ஓடியது. திருப்பினால் ஒரு பின்சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. "நீங்க பல்லு வெட்டுனது சரியில்ல போல அத்தான்" என்றான்.

வளைவில் இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்றத்தானே கோடை முழுக்க உட்கார்ந்து டிஃபரன்ஷியலுக்குப் பல்சக்கரங்கள் வெட்டினேன்! மாட்டியது அவன். வீட்டுக்குக் கொண்டுவந்து டிஃபரன்ஷியல் மூடியைக் கழற்றினேன். அத்தனையையும் ஒன்றாக வெல்டு வைத்திருக்கிறான்.

போனில் கேட்டேன். "பல்லு இறுகிக்கிட்டே கெடந்துச்சு. மூடியக் களத்தி எவன் பாக்கப் போறான்னு நெனச்சேன்" என்றான்.

மூடியில் இருவர் பெயரும் பொறித்திருந்தோம். என் பெயரை அரத்தால் ராவிவிட்டேன். அவன் பெயர் இருக்கட்டும்.