ஜன்னல் வைத்த ஆமை

மார்ச் 3

ஆமையின் ஓட்டில் இன்று ஒரு ஜன்னல் வைத்தேன். கட்டம் போட்ட திரை, உள்ளே மங்கலாக விளக்கு. படத்தை என் இணையப் பக்கத்தில் போட்டதும் ஒரு தாய் எழுதியிருந்தாள்: “என் மகள் திரையை விலக்கணும்னு போனைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா.” அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் வரைந்தே ஆக வேண்டும்.

மார்ச் 5

உள்ளே: மூன்று கால் நாற்காலி, ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் தூங்கும் சுண்டெலி. இதை வெளியே காட்டப் போவதில்லை, புத்தகத்துக்கு வேண்டும். மைனாவுக்கு மட்டும் அனுப்பினேன். நானும் அவளும் ஒரே அலுவலகத்தில் பாடப்புத்தகங்களுக்குப் படம் போட்டவர்கள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

உடனே கூப்பிட்டாள். “நாற்காலிக்கு ஏன்டி மூணு கால்? நாலாவதை நீயே தின்னுட்டியா?” பிறகு, “எனக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்கு. என்னன்னு கேக்காதே, வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.”

மார்ச் 9

வண்ணம் பூசுவதை வீடியோ எடுத்துப் போட்டேன். தலைமுடி பரட்டை. போகட்டும்.

ஏப்ரல் 2

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை அம்மாவின் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். ஆமை. ஓட்டில் ஜன்னல். குழந்தை விரலால் திரையைத் தள்ள, அது திறந்தது. உள்ளே மூன்று கால் நாற்காலி.

“தூங்க வைக்கிற கதை செயலிங்க, புதுசா வந்திருக்கு,” என்றாள் அந்த அம்மா. “இவளுக்கு இந்த ஆமைன்னா உயிர்.”

பல்லைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

உள்ளே இருப்பதைப் பார்த்தவர்கள் யார்? நான். இவர். மைனா. என் வீட்டுக்காரர் இவருக்கு ஆமைக்கும் ஹெல்மெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வெளியே சொல்லக்கூடாத பெரிய வேலை – சே, என்ன நினைப்பு இது.

ஏப்ரல் 6

மைனா கூப்பிட்டாள். “ஏன் ஒண்ணுமே அனுப்ப மாட்டேங்கிற? ஆமைக் கதை எங்க நிக்குது?” போன மாதம் இதே கேள்வி இனித்திருக்கும். இன்று ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். எதற்குத் தெரிய வேண்டும் அவளுக்கு? மிச்சத்தையும் கொடுக்கவா?

“கை வலி,” என்றேன்.

ஏப்ரல் 8

அவளுக்குப் புது நாற்காலி, புது மேசை விளக்கு. படம் போட்டிருக்கிறாள். பணம் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 11

அவள் வீட்டுக்குப் போனேன். நான் நுழைந்ததும் மேசையில் இருந்த பெரிய தாளின் மேல் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள்.

“என்ன அது?”

“சொல்லக்கூடாதுன்னு சொன்னேனே.”

“ஆமையா?”

சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். செயலி, நாற்காலி, என் படம் வேறு யார் கையிலும் இல்லை என்பது. கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. மறுக்கவில்லை, சத்தம் போடவில்லை. போர்வையை எடுத்துக் காட்டவும் இல்லை. “போயிட்டு வா,” என்றாள். அவ்வளவுதான்.

குற்றம் இல்லாதவள் கத்தியிருக்க மாட்டாளா? பேருந்தில் உட்கார்ந்து அவளும் நானும் அனுப்பிக்கொண்ட செய்தி, படம் அத்தனையையும் போனிலிருந்து அழித்தேன்.

ஏப்ரல் 12

இவர் என் பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இங்க வா. உன் தலைக்குப் பின்னாடி சுவத்துல என்ன?”

நான் வரிசையாகக் குத்தி வைத்திருந்த தாள்கள். எல்லாம். பெரிதாக்கினால் நாற்காலியின் காலை எண்ணலாம். எண்ணினார்.

உலகத்துக்கே நான்தான் காட்டியிருக்கிறேன்.

அப்போதும் மனசு அடங்கவில்லை. அதை வைத்து அவள் தப்பிவிட்டாள் என்று ஆகுமா? செயலியை நானே இறக்கிப் பார்த்தேன். கட்டில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் எதுவும் இல்லை. வீடியோவில் அந்த மூலையை என் தலை மறைக்கிறது. மைனா சுண்டெலியைப் பார்த்தவள்.

அவள் கொடுத்திருந்தால் சுண்டெலியும் அங்கே இருந்திருக்கும்.

ஏப்ரல் 15

செயலி நிறுவனத்துக்குப் புகார் எழுதியதற்கு, அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் தேன். “எங்க ஓவியர் மார்ச் ஏழாம் தேதியே குடுத்துட்டாருங்க. அதுக்கு முன்னாடி உள்பக்கத்தை நீங்க வரைஞ்சதுக்குத் தேதியோட ஏதாவது இருந்தா அனுப்புங்க.”

ஏழாம் தேதி. என் வீடியோவுக்கு முந்தைய தேதியாகப் பார்த்துச் சொல்கிறாள். தாளில் நான் தேதி போடுவதில்லை. தேதியோடு இருந்தது மைனாவுக்கு அனுப்பியவை மட்டும்தான். என் பக்கம் அழித்தாயிற்று. அவளிடம் இருக்கும், அவளும் அழிக்காமல் இருந்தால்.

ஏப்ரல் 16

நீளமாக எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். எதை எழுதினாலும் படம் வாங்கத்தான் மன்னிப்பு கேட்கிறேன் என்று படுகிறது. அவளுக்கும் அப்படித்தானே படும்? கடைசியில் இவ்வளவுதான்: “தப்பு என்னோடது. வீடியோவுல நானே காட்டியிருக்கேன். மன்னிச்சுக்கோ. ஆமைப் படங்கள் வேணும்.”

தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் வந்துவிட்டன. தேதி தெரியும்படி, வரிசை மாறாமல், ஒன்று விடாமல். கூட ஒரு சொல் இல்லை.

மே 20

செயலியிலிருந்து ஆமையை எடுத்துவிட்டார்கள். வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு நத்தை இருக்கிறது. யாருடையதோ.

ஜூன் 14

கடைக்குப் போகும்போது ஒரு பேருந்து கடந்து போனது. அதன் உடம்பு முழுக்க விளம்பரமாக வாத்துக் குஞ்சுகள், தொப்பியை ஒன்றின் தலையிலிருந்து ஒன்று பிடுங்கிக்கொண்டு. மைனா கை இழுக்கும் கோடு எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். போர்வைக்கு அடியில் இருந்தது இதுதான். நடைபாதையில் நின்ற எல்லோரையும் போல நானும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதினேன்: “வாத்துகளைப் பாத்தேன். அந்த கடைசிக் குஞ்சு ஒண்ணு போதும்டி.” கூடவே புதிதாக வரைந்த சுண்டெலிப் பக்கத்தையும் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. “நன்றி. உன் படமும் ரொம்ப நல்லா இருக்கு. வாழ்த்துகள்.”

சுண்டெலியின் முன்கால் தப்பாக இருக்கிறது. எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா?