இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு தடம்

அண்ணே,

பக்கத்து அறையில் யாரோ டர்பன்டைன் புட்டியைத் திறந்திருக்கிறார்கள். காலை பத்து மணி ஆகியும் வெளியே பனி விலகவில்லை. ஜன்னலை இறுக்கிச் சாத்தியும் அந்த வாடை கதவிடுக்கு வழியாக வந்து என் போர்வையில் ஒட்டிக்கொண்டது. எழுபத்தெட்டு வயதில் கண் பாதி போய்விட்டது, காதும் அப்படித்தான். இந்த மூக்கு மட்டும் ஏன் இன்னும் வேலை செய்கிறது என்று தெரியவில்லை.

நாம் அன்று ஏறிப்போன அதே மலையில், பிரிஞ்சாங்கில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து, ஓவியர், நடனக்காரி, சிற்பி, குறும்படம் எடுப்பவர் என்று நாலைந்து பேரை ஒரு மாதம் தங்க வைக்கிறார்கள். சாப்பாடு போட்டு, அறை கொடுத்து, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய நாடகக்காரி என்ற மரியாதையில் என்னையும் கூப்பிட்டார்கள். "இந்த மாதிரி அந்தக் காலத்துல இருந்துச்சா ஆன்ட்டி?" என்று நடனக்காரப் பெண் கேட்டாள். இருந்தது, பேர்தான் இல்லை என்றேன். அவள் சிரித்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீங்கள் போய்ப் பத்து நாள் ஆகிறது. உங்களிடம் ஐம்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். திட்டுவதற்கு நீங்கள் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தாலும் தப்பில்லை.

தாப்பாவிலிருந்து மலையேறிய அந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. முன்னால் ஒரு படை வண்டி, பின்னால் ஒரு படை வண்டி, நடுவே நம் லாரி. என் வீட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் பினாங்கில் சினிமாத் தட்டிகளுக்கு நடிகைகளின் கன்னத்தை ரோஸ் நிறத்தில் பூசிப் பூசி வெறுத்துப்போய் வந்தவர். நான் ஈப்போ தமிழ்ப் பள்ளியில் லீவு போட்டுவிட்டு வந்த டீச்சர். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வந்தது. "சுடறவன் சுட்டாலும் பரவால்லம்மா, மொதல்ல இந்த ரோடு முடியட்டும்" என்று நீங்கள் சொன்னதும் டிரைவர் திரும்பி முறைத்தார்.

வெள்ளைக்காரன் ஆட்சி, அவசரகாலம். கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். சின்னத்துரை பயந்து வேலையை விட்டுப் போனதில் அவருடைய பங்களா காலியாகக் கிடந்தது. பெரிய துரையின் மனைவி, பூக்களை நீர்வண்ணத்தில் வரைகிறவள், அதில் மூன்று கலைஞர்களைத் தங்க வைக்க ஆசைப்பட்டாள். வேலிக்குள் அடைபட்ட சனங்களுக்கு ஒரு நாடகம் கிடைக்கும் என்று துரையும் சம்மதித்தார். துரைசானி ஆங்கிலத்தில் நீளமாக என்னென்னவோ பேசினாள். கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி அதைச் சுருக்கி, "மூணு மாசம் இருங்க, பாடுங்க, வரைங்க, எழுதுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு நாடகம் போட்டுட்டுப் போயிருங்க, அவ்ளோதான்" என்றார்.

லயத்து ஆட்களுக்கு நாம் பெரிய வேடிக்கை. இலை பறிக்காமல், கவாத்து வெட்டாமல், மூன்று பேருக்கு அரிசி. நமக்குச் 'சும்மா துரைங்க' என்று பெயர் வைத்தார்கள். "சும்மா துரை, இன்னிக்கு எத்தன மரம் வரைஞ்சீங்க?" என்று போகிற பெண்கள் கேட்பார்கள். நீங்கள் கோபப்படாமல் கணக்காகப் பதில் சொல்வீர்கள். பொய்யாக ஒரு மரம் கூடச் சேர்க்க மாட்டீர்கள். "உள்ளத வரைஞ்சா போதும்மா, அழகு தானா வரும்" என்பது உங்கள் பேச்சு.

நாடகத்துக்குப் பின்திரை வேண்டுமென்று மாவுச் சாக்குகளைப் பிரித்து, லயத்துப் பெண்களைக் கொண்டு தைக்க வைத்தீர்கள். துணிக்குப் பசை ஏற்ற மரவள்ளி மாவு கேட்டபோது வாசல் காவல்காரன் மறுத்துவிட்டான். அதுவும் உணவுப் பொருளாம், காட்டுக்குப் போய்விடுமாம். ஒரு திரைக்குப் பசை காய்ச்ச ராணுவ அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய ஓவியர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.

சாக்கு தைத்த பெண்களில் பச்சையம்மாவும் ஒருத்தி. இருபது வயதுகூட இருக்காது. இலை பறிக்கும்போது அவள் பாடும் பாட்டுகளை எழுதிக்கொள்ள நான் அவள் பின்னாலேயே மலைச்சரிவில் அலைந்தேன். அதுவரை உங்களுக்குத் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

லயத்திலிருந்து வெளியே போகும் பெண்களை வாசலில் தடவிச் சோதிப்பார்கள். ஒரு சோற்றுப் பருக்கையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பச்சையம்மா இடுப்பில் கட்டும் சாக்குத் துணியின் ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்திருந்தாள். அந்த மடிப்புக்குள் ஒரு பிடி அரிசி. ஒரு நாள் மற்றவர்கள் மேல் வரிசைக்குப் போனபின் அவள் தேயிலைச் செடிகளுக்கு அடியில் குனிந்து போனாள். நானும் ஏதோ பாட்டு கேட்கும் ஆசையில் பின்னால் குனிந்து போனேன். செடிகளுக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒற்றையடித் தடம் அது. காட்டு ஓரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் முடிந்தது. அங்கே அவள் துணியைப் பிரித்து அரிசியை ஒரு தகரத்தில் உதறினாள்.

திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. "என் தம்பி டீச்சர். சங்கத்துல பேசுனான்னு புடிக்க வந்தாங்க, ஓடிட்டான். துப்பாக்கி புடிக்கத் தெரியாது அவனுக்கு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எதையும் பாக்கல, என்னா?" என்றாள்.

"நான் எதையும் பாக்கல" என்றேன். மனசாரத்தான் சொன்னேன் அண்ணே.

ஆனால் அன்று மாலையே நான் எழுத உட்கார்ந்தேன். அதுவரை ஒன்றரை மாதமாக ஒரு வரியும் ஓடாமல் கிடந்த நாடகம், தண்ணீர் திறந்துவிட்டதுபோல் ஓடியது. நாடு கடத்தப்பட்ட இளவரசன், அவனுக்குக் காட்டில் ஒளித்து அரிசி கொண்டுபோகும் அக்கா. ராஜா காலத்துக் கதையாக மாற்றி, கிரீடம் வைத்து, பெயர்களை மாற்றிவிட்டேன். அது போதும் என்று நம்பினேன். நல்ல கதை கையில் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. இதைவிடக் கௌரவமாக இதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து எதிர்மலையை வரிசை வரிசையாகத் திரையில் கொண்டுவந்தீர்கள். அந்த இரண்டு பாறைகளும் அதில் இருந்தன. நான்தான் வந்து, "அண்ணே, ஒரு தடம் வேணும், அக்கா அதுலதான் வரணும்" என்றேன். நீங்கள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இங்கேருந்து பாத்தா தடமே இல்லையேம்மா" என்றீர்கள். "இருக்கு, நான் நடந்து பாத்தேன்" என்று ஈரத் திரைமேல் விரலை வைத்துக் காட்டினேன். இங்கே ஆரம்பித்து, இப்படி வளைந்து, இந்த இரண்டு பாறைக்கு நடுவே. நீங்கள் என் பேச்சை நம்பி வரைந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாடகம். சாயங்காலமே ஊரடங்கு என்பதால் வெயில் இருக்கும்போதே தொடங்கினோம். துரை, துரைசானி, அவர்களுக்குப் பக்கத்தில் அந்த ராணுவ அதிகாரி. பின்னால் லயத்துச் சனம் முழுவதும். திரையை விரித்ததும், "நம்ம மலைடா!" என்று எத்தனை பேர் கத்தினார்கள்! உங்கள் முகம் அன்று எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டாவது காட்சியில் அரிசி முடிச்சோடு அக்கா வந்தபோது பச்சையம்மா எழுந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களை ஒதுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வயிற்று வலியாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

நாடகம் முடிந்து அந்த அதிகாரி உங்கள் கையைக் குலுக்கினார். கிராணி மொழிபெயர்த்தார். "மலை ரொம்பத் தத்ரூபமா இருக்காம். அந்தத் தடம் நெசமாவே இருக்கான்னு கேக்குறாரு." நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் உள்ளதுதான் சார், என் படத்துல கற்பனை ஒண்ணும் கெடையாது" என்றீர்கள்.

நான் உங்கள் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். 'இல்லை சார், கதைக்காக நான் சொன்ன கற்பனை' என்று ஒரு வார்த்தை போதும். கிராணி வாயைத் திறந்து மொழிபெயர்க்கும்வரை நேரம் இருந்தது. அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்பார்களே என்று பயந்தேன். சிரித்துக்கொண்டு நின்றேன்.

திங்களன்று யாரையும் அந்தச் சரிவுக்கு வேலைக்கு அனுப்பவில்லை. தம்பியை எச்சரிக்கப் பச்சையம்மாவால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காலை நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்மலையில் இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தை அப்படியே மூடினார்.

தினமும் ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசிக்கும் பெரட்டுக்களத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக நடந்துபோய்ப் பார்த்து, தெரிந்தவனா என்று சொல்ல வேண்டும். மீசை சரியாக முளைக்காத முகம். பச்சையம்மா தன் முறை வந்ததும் போனாள், பார்த்தாள், இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. தெரியும் என்று சொன்னால் அவளையும் தாயையும் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"நாடகம் நல்லா இருந்துச்சு டீச்சர்."

அன்று அவள் கூடை நிறைய இலை பறித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மறு மாதம் அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கிராணி எழுதினார். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டு எழுதவில்லை.

நீங்கள் அன்று மதியம் பேனாக்கத்தியால் அந்தத் தடத்தை மட்டும் திரையிலிருந்து அறுத்து எடுத்தீர்கள். அதன் பிறகு உங்கள் படங்களில் வீடு உண்டு, மரம் உண்டு, ஆள்கூட உண்டு, பாதை கிடையாது. அதை ஒரு புதுப் பாணி என்று எழுதினார்கள். பினாங்குக்கு நாங்கள் வரும்போதெல்லாம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் நேரத்தில், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்பீர்கள். "விடுங்கண்ணே, ஒங்களுக்கு என்ன தெரியும்" என்பேன். உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொல்லவிடாமல் முதலில் அவர் தடுத்தார். வாயைத் திறந்தால் விசாரணை இல்லாமல் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார். அது நியாயமான பயம். அவசரகாலம் முடிந்தது, நாடு சுதந்திரம் பெற்று எத்தனையோ வருடம் ஆனது, அவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு என்னைத் தடுக்க யாரும் இல்லை. உங்கள் வீட்டில் உங்கள் மனைவி போட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உங்கள் தலையில் என் பாவத்தை வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன். எனக்கு என்னையே பிடிக்காமல் போன நாட்கள் அவை. ஆனாலும் அடுத்த வருடமும் வந்தேன்.

நேற்று உங்கள் மகள் ரோஸ்லின் போன் செய்தாள். குரல் உங்களுடையது மாதிரியே கட்டையாக இருந்தது. கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தீர்களாம். "'உள்ளதுதான்னு சொல்லிட்டேனே, ஒரு பையனக் கொன்னுட்டேனே'ன்னு அழுதாரு அத்தை. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணியும் அடங்கல. எங்க அப்பா யாரையாச்சும் கொன்னாரா? ஒங்களுக்குத்தான் பழசெல்லாம் தெரியும்."

"வயசான காலத்துல எதையாச்சும் உளறியிருப்பாரும்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அண்ணே, உங்களை உளறியவர் ஆக்கிவிட்டேன். ஐம்பது வருடம் போதாதென்று, நீங்கள் போன பிறகும் அதே இடத்தில், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் உறையில் போட்டு ரோஸ்லினுக்கு அனுப்பப் போகிறேன். கீழே தபால் எடுக்கும் வண்டி பன்னிரண்டு மணிக்கு வரும். அவள் படிக்கட்டும். அவள் அப்பா யாரையும் கொல்லவில்லை, ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பிறகு என்னை அத்தை என்று கூப்பிடாமல் போனால், அதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.